ரிப்போர்ட் நார்மல் என்றால் வலி பொய்யா?

2006-ல் தமிழகத்தையே சிக்குன்குனியா படுக்க வைத்தது. காய்ச்சல் சில நாளில் விட்டது. மூட்டுவலியோ பலருக்கு மாதக்கணக்கில் விடவில்லை. மூட்டில் தங்கிய அழற்சி ஒரு காரணம். இன்னொரு காரணம் மூளையிலும் இருக்கலாம்.

கிருமி நுழைந்ததும் எதிர்ப்பு செல்கள் ‘சைட்டோகைன்’ எனும் புரதங்களைச் சுரந்து தகவல் அனுப்பும். மூளையிலும் தண்டுவடத்திலும் காவல் இருக்கும் மைக்ரோகிளியா செல்களும் இன்டர்லூகின்-1, டி.என்.எஃப். போன்றவற்றை வெளியிடும். இவை வலி நரம்புகளின் வால்யூமைக் கூட்டிவிடும். காய்ச்சலில் லேசாகத் தொட்டாலே சிலருக்கு வலிப்பது இதனால்தான். இன்டர்லூகின்-10 அந்த வால்யூமைக் குறைக்கும். சிலருக்கு இந்தச் சமநிலை திரும்ப நாளாகலாம். ரத்தப் பரிசோதனையில் அது தெரியாமலும் போகலாம்.

தியாகதுருகம் பக்கம் கரும்பு வெட்டுபவருக்கு வலி வந்தால் அன்றைய கூலி போச்சு. அவரிடம் “ரிப்போர்ட் நார்மல், எல்லாம் மனசுதான்” என்று சொல்லி அனுப்பினால், அடுத்து அவர் நிற்பது மெடிக்கல் ஷாப்பில். வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

3 மாதம் தாண்டிய வலியை ‘நாள்பட்ட வலி’ என்றே உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. நம் அரசு மருத்துவமனைகளும் அப்படியே பார்க்கட்டும். முதலில் நோயாளியை நம்புங்கள்; பிறகு உடற்பயிற்சி, தூக்கம், தேவையான மருந்து என்று தொடங்குங்கள்.