வெள்ளியைத் தேய்க்காதீங்க

பண்டிகை வந்தா பீரோவுக்குள்ள கிடந்த வெள்ளித் தட்டு, டம்ளர், ஸ்பூன் எல்லாம் வெளியே வரும், கறுத்துப்போய். உடனே டூத்பேஸ்ட்டைப் பிதுக்கி, பழைய பிரஷ்ஷால தேய்க்க ஆரம்பிச்சிடறீங்க. பளபளன்னு ஆயிடும்தான். ஆனா என்னைக் கேட்டா, அது சொத்தைக் கொஞ்சங்கொஞ்சமா சாக்கடையில விடுற வேலை.

அந்தக் கறுப்பு வெறும் அழுக்கு இல்லீங்க. காத்துல இருக்கிற கந்தக வாயு வெள்ளியோட சேர்ந்து உண்டாகுற வெள்ளி சல்பைடு. கறுப்புக்குள்ள இருக்கிறதும் உங்க வெள்ளிதான். தேய்ச்சா அதுவும் போகும், அடியில இருக்கிற நல்ல வெள்ளியும் கீறல் விழுந்து போகும். எங்க அப்பத்தா சீரா கொண்டுவந்த டம்ளர்ல வெட்டியிருந்த பேரு, இன்னிக்கு விரலால தடவினாத்தான் தெரியுது. அத்தனை வருஷம் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ச்சிருக்காங்க.

இப்படிச் செய்யுங்க. ஒரு பாத்திரத்துல அலுமினியத் தாளை விரிச்சு, வெள்ளி அதைத் தொடுற மாதிரி வைங்க. ஒரு லிட்டர் கொதிக்கிற தண்ணிக்கு 3 மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, முழுகுற அளவுக்கு ஊத்துங்க. லேசா அழுகின முட்டை வாடை வரும். பயப்படாதீங்க, கந்தகம் கழண்டு போகுது, வெள்ளி அங்கேயே தங்கிடுது. சில நிமிஷம் போதும். ரொம்பக் கறுத்திருந்தா இன்னொரு தடவை. கல் பதிச்சது, ஒட்டுப் போட்டது, வேலைப்பாட்டுக்காக வேணும்னே கறுப்பேத்தினது, இதெல்லாம் இதுல போடாதீங்க.

முட்டை, வெங்காயம் பட்ட ஸ்பூனை உடனே கழுவிடணும். உப்புக் கிண்ணத்துல வெள்ளி ஸ்பூனைப் போட்டு வச்சா குழி விழும். ஸ்பூன்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுறது இன்னும் மோசம், ரப்பர்லயும் கந்தகம் உண்டு. நாங்க மிளகாய்ச் செடியில சாம்பல் நோய் வந்தா நனையும் கந்தகம் தெளிப்போம். அந்தப் பாக்கெட் இருக்கிற அறையில வெள்ளியை வைக்க நான் விடுறதில்லை. மாடித்தோட்டம் போடுறவங்களும் வாங்குறீங்க, எங்கே வைக்கிறீங்கன்னு ஒரு தடவை பாருங்க.

எடுத்து வைக்கணும்னா, ஈரம் போகத் துடைச்சு, மெல்லிய பருத்தித் துணியில சுத்தி, காத்துப் புகாத கவர்ல ஒரு சாக்பீஸோட போட்டு வைங்க. ஆனா ஏன் எடுத்து வைக்கணும்? எங்க ஊர்ல குழந்தைக்குத் தினமும் பால் புகட்டுற வெள்ளிப் பாலாடை கறுக்கிறதே அபூர்வம். அது தினமும் கையில புழங்குது, தினமும் கழுவப்படுது. பீரோவுல கிடக்கிற அந்த ஸ்பூனை எடுத்து நாளைக்குப் பாயசம் சாப்பிடுங்களேன்.