கருத்து மட்டும் போதுமா?

"கருத்து நன்றாயிருந்தால் போதும், அது கதையா, கட்டுரையா, பாட்டா என்பதெல்லாம் புலவர்களின் வீண் வழக்கு" என்னும் பேச்சு நம்மிடையே வெகுநாளாக உலவி வருகிறது. விழா மலர்க் குழுவிலும் இதைக் கேட்கிறோம். அன்பியக் கூட்டத்திலும் கேட்கிறோம். நன்கு கற்ற அருட்பணியாளர் சிலரின் வாயினின்றும் கேட்டிருக்கிறோம். தாழ்மையின் குரல்போல் ஒலிக்கும் இப்பேச்சினுள் பதுங்கியிருப்பது சோம்பலே என்பது நம் துணிபு. அந்தச் சோம்பல் எழுதுவோரை மட்டும் கெடுத்தால் பொறுத்துக்கொள்ளலாம். படிப்போரையும் அது கெடுக்கிறது. சில வேளைகளில் பிறர் துயரத்துக்கே நம் காதுகளை அடைத்துவிடுகிறது.

அண்மையில் ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்தவற்றைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. குடிகாரக் கணவன், பொறுமையின் வடிவான மனைவி, கடைசிக்கு முந்திய பக்கத்தில் ஒரு விபத்து, மருத்துவமனைக் கட்டிலில் மனமாற்றம், பிறகு ஒன்றரைப் பக்கம் அறிவுரை. பெயர்களை மாற்றினால் பெரும்பாலானவை ஒரே கதைதான். கவிதைகளோ, ஒரு வாக்கியத்தை எடுத்து மூன்று இடங்களில் ஒடித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, முடிவில் ஆச்சரியக்குறி இட்டவை. இவற்றை எழுதியவர்களின் பக்தியில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், அவர்களுள் ஒருவரேனும் 'இதை நான் ஏன் கதையாகச் சொல்லுகிறேன்?' என்று தம்மைத் தாமே கேட்டுப் பார்த்ததற்கு அடையாளம் இல்லை. மறையுரைக்குரிய பொருளைக் கதையென்னும் உறையில் இட்டு அனுப்பியிருந்தார்கள்.

இலக்கிய வகை என்பது வெறும் உறையன்று. சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் இடையே பேசாமலே செய்துகொள்ளப்படும் உடன்படிக்கை அது. இழவு வீட்டில் ஒருத்தி, 'பொன்னாலே தேர் செய்து உன்னை அனுப்பியிருப்பேனே' என்று ஒப்பாரி வைக்கிறாள். 'இவளிடம் பொன் ஏது?' என்று அங்கு எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதே பெண் மறுநாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழுக்கு மனு எழுதும்போது தேரைப்பற்றி ஒரு சொல்லும் எழுதமாட்டாள். இரண்டும் மெய்தான்; இரண்டும் ஒரே சாவைப் பற்றியவைதான். எந்த மெய்யை எங்கே தேடவேண்டும் என்பதை நமக்குச் சொல்லித் தருவது வகையே.

இவ்வுண்மையைத் தமிழ் முன்னோர் அறிந்திருந்தனர். தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டோடு நின்றுவிடாமல், உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் ஆகியவற்றையும் சேர்த்து ஏழு நிலங்களைக் கூறுகிறது. பிசி என்பது விடுகதை, முதுசொல் பழமொழி. திண்ணையில் கிழவி போடும் விடுகதைக்கும் இலக்கணநூலில் இடம் இருந்தது என்பதை 'கவிதை, சிறுகதை, புதினம், நாடகம், கட்டுரை' என்று ஐந்து விரல்களை மடக்கி முடித்துவிடும் நம் பாடநூலாசிரியர்கள் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். அகத்திணையில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது விதி. நக்கீரரின் நெடுநல்வாடை, பிரிந்த தலைவனை எண்ணி வருந்தும் அரசியின் துயரை அழகுறப் பேசும் பாட்டு. ஆனால் வேலில் கட்டிய வேப்பந்தழை அதில் குறிப்பிடப்படுகிறது. வேம்பு பாண்டியர் பூ. ஆகவே தலைவன் இன்னான் என்று அது காட்டிக்கொடுத்து விட்டது. ஆதலின் இப்பாட்டு புறமே என்றார் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பந்தழை ஒரு பாட்டின் வகையையே மாற்றிவிட்டது! இதை மயிர்பிளக்கும் வாதம் என்று நகைப்போர் நகைக்கட்டும். ஒரு சொல்லைப் படிக்கையில் நம் முன்னோர் எவ்வளவு விழிப்போடு இருந்தனர் என்பதே நமக்குத் தெரிகிறது.

முன்னோர் வைத்த எல்லாவற்றையும் நாம் தலைமேல் தூக்கவில்லை. பிற்காலப் பாட்டியல் நூல்கள் வெண்பாவை அந்தணர்க்கும், ஆசிரியத்தை அரசர்க்கும், கலியை வணிகர்க்கும், வஞ்சியை வேளாளர்க்கும் பங்கிட்டன. கலம்பகம் பாடினால் தேவர்க்கு 100 பாட்டு, அரசர்க்கு 90, வணிகர்க்கு 50 எனப் பாட்டின் எண்ணிக்கையிலும் ஏற்றத்தாழ்வு வைத்தன. யாப்புக்குப் பூணூல் போட்ட இந்த வேலையை நாம் வெறுக்கிறோம். வகையறிவு வேறு, வருணப் பிரிவு வேறு.

வகையறிவு ஒருவரிடத்தில் எவ்வாறு தொழிற்படும் என்பதைக் காண நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. 1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழ் மண்ணில் வாழ்ந்து, 1747-இல் மறைந்த வீரமாமுனிவரைப் பார்ப்போம். அவருக்கு இருந்த கருத்து ஒன்றே. அதை அவர் ஒரு நாளும் மாற்றிக்கொண்டதில்லை. 'கருத்து இருந்தால் போதும்' என்பது உண்மையாயின் அவர் ஒரே நூலோடு நின்றிருக்கலாம். அவர் செய்தது என்ன? காப்பியச் சுவையில் தோய்ந்த புலவர் அவைக்கெனத் தேம்பாவணியைப் பாடினார். மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். நாசரேத்துத் தச்சராகிய சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கி, நாட்டு வளமும் நகர் வளமும் பாடித் தொடங்குகிறார். யூதேயாவில் தமிழ்நாட்டு வயல்கள் எப்படி வந்தன என்று கேட்பவர், காப்பியம் என்னும் உடன்படிக்கையில் கையொப்பமிடாதவர். ஏலாக்குறிச்சி அன்னைக்குத் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். பல பூக்கள் கலந்த மாலைபோலப் பல உறுப்புகள் கலந்துவரும் வகை அது. ஒரு தலத்தைச் சுற்றிவந்து பல கோணங்களில் புகழ அதுவே பொருந்தும். கித்தேரியம்மாள் என்னும் கன்னியரின் வரலாற்றைச் சொல்லவந்தபோது காப்பியத்தையும் கலம்பகத்தையும் ஒதுக்கிவிட்டு அம்மானையைக் கையிலெடுத்தார். ஏனெனில் அது பெண்களின் விளையாட்டிலிருந்து பெயர்பெற்ற, ஒருவர் படிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்கும் வகை. எழுத்தறியாதவர் செவிக்கு அதுவே வழி என்பதை அவர் கண்டுகொண்டார். வேதியர்களுக்கு அறிவுரை கூறவேண்டியபோதோ பாட்டே வேண்டாமென்று வேதியர் ஒழுக்கத்தை உரைநடையில் எழுதினார்.

இவற்றிற்கெல்லாம் மேலாக நம்மை வியக்கவைப்பது பரமார்த்த குருவின் கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும், குதிரை முட்டையென்று பூசணிக்காயை வாங்கும் குருவும் இன்று குழந்தைகள் நூலில் மட்டும் வாழ்கிறார்கள். ஐரோப்பியத் துறவிகள் பேச்சுத் தமிழைப் பழகிக்கொள்ள இலத்தீன் மொழிபெயர்ப்போடு எழுதப்பட்ட நூல் அது. 1822-இல் இலண்டனில் பாபிங்டன் அதை ஆங்கிலத்தோடு அச்சிட்டார். தேம்பாவணி பாடிய அதே கை, தேவையென்றபோது சந்தைப் பேச்சில் இறங்கிற்று. அதை அங்கதமாகப் படியாமல், 'எந்தச் சமயக் குருவைப் பழிக்கிறார்?' என்று துப்பறிவோரும் உண்டு. 'பிள்ளைக்கதைதானே' என்று தள்ளுவோரும் உண்டு. இரு சாராரும் வகையைத் தவறவிட்டவர்களே. மூடத்தனமாக நம்பிப் பின்செல்லும் எந்தக் கூட்டத்தையும் குத்தவல்லது அங்கதம். நம் கூட்டத்துக்கும் அதில் விலக்கு இல்லை.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் இவ்வழியினரே. அறம் கூற 1859-இல் நீதிநூல் என்னும் செய்யுள். இறைவனை ஏத்தக் கீர்த்தனை. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கச் சித்தாந்த சங்கிரகம். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைப் போக்கவேண்டும் என்று சொல்லியே 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரம். தமிழின் முதற் புதினத்தைத் தந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோமே, அவர் எதற்காக ஒரு புதிய வகையைத் தேடிப் போனார் என்று எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறோமா?

இனிப் படிப்போர் பக்கம் வருவோம். இங்குதான் சேதம் மிகுதி. யோனா நூலைக் கையிலெடுத்தால் நம்மவர் பலர்க்கு எழும் ஒரே வினா, மீன் வயிற்றில் மனிதன் மூன்று நாள் உயிரோடு இருக்க முடியுமா என்பதே. முடியும் என்று ஒருவர் மீன்களின் அளவை எடுத்துவருவார். முடியாது என்று மற்றொருவர் நூலையே மூடிவிடுவார். நினிவேயின் ஆடுமாடுகளும் சாக்குடை உடுத்து நோன்பிருந்ததாகச் சொல்லும்போதே அந்நூல் தன் வகையைப் புன்னகையோடு காட்டிவிடுகிறது. அந்நகரின் ஓரிலட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்களுக்காகவும் கால்நடைகளுக்காகவும் இரங்கலாகாதா என்று இறைவன் கேட்கும் கேள்வியோடு நூல் முடிகிறது. பகைவன் பிழைத்துப்போவதை விரும்பாத பக்தனை நோக்கி எழுந்த கேள்வி அது. மீனை அளந்துகொண்டிருப்போர்க்கு இக்கேள்வி காதில் விழுவதேயில்லை. விழாதிருப்பது வசதியாகவும் இருக்கிறது.

தாவீது அரசரிடம் நாத்தான் சென்ற நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த கதையை இறைவாக்கினர் சொல்ல, அரசரோ அதை வழக்காக எண்ணித் தீர்ப்பு வழங்கிவிடுகிறார். அது உவமை என்று அறிந்த கணத்தில் தீர்ப்பு அவர் தலையிலேயே விழுகிறது. 'பிறன்மனை விழையாதே' என்னும் கருத்தை நாத்தான் நேரே சொல்லியிருந்தால் அரண்மனை வாயிலையே தாண்டியிருப்பாரோ, அறியோம். விவிலிய ஆசிரியர்களின் இலக்கிய வகைகளைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று 1943-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார்; 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏடு 12-ஆம் எண்ணில் அதையே கூறிற்று. இது புலவர் வழக்கு என்று ஒதுக்குவோர், சங்கத்தந்தையரையும் அப்புலவர் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.

நம் நெஞ்சை உண்மையாக உறுத்துவது வேறொன்று. திருப்பாடல்கள் நூலின் 150 பாடல்களையும் வகைவகையாகப் பிரித்து ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கெல், புலம்பல் வகையே அந்நூலில் மிகுதி என்று காட்டினார். 88-ஆம் திருப்பாடல் ஒரு நன்றிச்சொல்லும் இன்றி இருளிலேயே முடிகிறது. 22-ஆம் திருப்பாடலின் தொடக்கம் சிலுவையில் தொங்கியவரின் வாயில் ஒலித்தது. இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரோ, கோவாவில் பிறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகத்தோடு ஓதி அழும் வழக்கமுடையவர்கள். ஆகப் புலம்பல் நமக்கு அந்நிய வகையன்று. வழிபாட்டிலேயே கலந்த வகை. அவ்வாறிருக்க, 1992-இல் பாமாவின் கருக்கு வெளிவந்தபோது நம்மவர் சிலர் சொன்னதென்ன? 'இது இலக்கியமா? கதையுமில்லை, கட்டுரையுமில்லை, திருச்சபைமேல் குறைசொல்லும் புலம்பல்' என்றனர். துறவற வாழ்வினின்று வெளியேறிய தலித் பெண் ஒருவர், தம் ஊர்ப் பேச்சிலேயே, சாதி தம்மை எங்கெங்கே சுட்டது என்று எழுதிய தன்வரலாறு அது. அதற்குப் பெயரிடத் தெரியாமல் தவித்தவர்கள், அந்த அறியாமையையே அதைத் தள்ளிவைக்கும் கோலாகப் பயன்படுத்திக்கொண்டனர். வேடிக்கை என்னவெனில், 'கருத்து போதும், வகை எதற்கு?' என்று அதுவரை கூறியவர்களே அன்று வகையிலக்கணம் பேச எழுந்தனர்!

சான்று பகர்தல் என்பதும் ஒரு வகை. அதைக் கேட்பவன் நடை அழகாயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கமாட்டான். சொல்வது மெய்தானா, மெய்யாயின் நான் எங்கே நின்றிருந்தேன் என்று பார்ப்பான். புலம்பலைக் குற்றப்பத்திரிகையாகவும் சான்றை வசைப்பாட்டாகவும் படிக்கிறவன், யோனாவைச் செய்தித்தாளாகப் படிக்கிறவனுக்கு உடன்பிறந்தவன்.

'எளிய மக்களுக்கு இவ்வேறுபாடெல்லாம் தெரியுமா?' என்று கேட்பர். அவர்களுக்குத்தான் தெரியும். நடவுப் பாட்டை இழவு வீட்டில் பாடும் பெண்ணை நாம் கண்டதில்லை. தாலாட்டின் மெட்டில் ஒப்பாரியின் சாயல் வந்துவிட்டால், 'பிள்ளைக்கு ஆகாது' என்று பாட்டி அதட்டி நிறுத்துவாள். அந்தப் பாட்டியின் பேரன் பட்டம் பெற்று, நான்கு பக்க மறையுரைக்குக் 'கண்ணீரின் விலை' என்று தலைப்பிட்டு, சிறுகதையென்று அனுப்புகிறான். அடுத்த போட்டிக்கும் அனுப்புவான். நாமும் அதைத் திருப்பி அனுப்புவோம்; உடன் ஒரு குறிப்பும் வைப்போம்: "தம்பி, இதை ஞாயிறன்று படிக்கலாம். கதை இருந்தால் அனுப்பும்."