மாட்ரிட்டில் எழுந்த வினா

2025 ஏப்ரல் 22-ஆம் நாள் பஹல்காமில் 26 உயிர்கள் பறிக்கப்பட்டதையும், மே மாதத்தில் நம் படைகள் பதிலடி கொடுத்ததையும் வாசகர்கள் அறிவர். அதன்பின் நடுவண் அரசு பல கட்சியினரும் அடங்கிய ஏழு தூதுக்குழுக்களை அயல்நாடுகளுக்கு அனுப்பியது. அவற்றுள் ஒன்றிற்குத் தலைமை தாங்கியவர் திராவிட முன்னேற்றக் கழகத்தின் கனிமொழி அவர்கள். ஸ்பெயினின் தலைநகராகிய மாட்ரிட்டில், அங்கு வாழும் இந்தியர் கூடிய அவையில், 'இந்தியாவின் தேசிய மொழி எது?' என்னும் வினா எழுந்தது.

மொழிக்கொள்கையின் பொருட்டு அவருடைய கட்சி நடுவண் அரசோடு மல்லுக்கு நின்ற வேளை அது. வேற்றுமையில் ஒற்றுமையே இந்தியாவின் தேசிய மொழி என்று அவர் விடையிறுத்தார். சாமர்த்தியப் பேச்சு என்று இதனை ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. நம் அரசியலமைப்புச் சட்டம் எம்மொழியையும் தேசிய மொழியென்று குறிக்கவில்லை. ஆகவே விடையில் பொய்யில்லை. கொள்கையை விட்டுக்கொடுக்கவுமில்லை; வீட்டு வழக்கை அயலார் திண்ணைக்குக் கொண்டுபோகவுமில்லை.

கொத்தமங்கலத்தைச் சூழ்ந்த ஊர்களில் இந்நெறி புதிதன்று. அக்காலத்தில் கடல் கடந்து கொண்டுவிக்கச் சென்ற நகரத்தார், ஒரே கிட்டங்கியில் ஆளுக்கொரு பெட்டியுடன் அமர்ந்து தொழில் செய்தனர். அடுத்த பெட்டிக்காரர் போட்டியாளர்தாம். ஆயினும் இரங்கூனில் நடப்பு வட்டியைக் கோயிலில் கூடியே முடிவு செய்தனர். தவணை முடிந்து ஊர் திரும்பிய ஏஜெண்டு முதலாளியிடம் கணக்கு ஒப்புவித்தாக வேண்டும். அதில் தாட்சண்யம் கிடையாது.

1994-இல் பிரதமர் நரசிம்மராவ், எதிர்க்கட்சித் தலைவர் வாஜ்பாயை ஜெனீவாவிற்குத் தூதுக்குழுத் தலைவராக அனுப்பினார். திரும்பிவந்த வாஜ்பாய் அரசை எதிர்ப்பதை நிறுத்திவிடவில்லை. அவரைத் தேசத்துரோகி என்று எவரும் தூற்றியதாகவும் நாம் கேட்டதில்லை! இக்காலத்திலோ கேள்வி கேட்பவருக்கு அப்பட்டம் எளிதில் கிடைத்துவிடுகிறது. நம் பங்குக் குடும்பங்களின் முற்றங்களில்கூட அச்சொல் காதில் விழுகிறது.

தேசநலன் என்று வந்தால் தாம் பின்வாங்கப் போவதில்லை என்று கூறிப் புறப்பட்டவர் சசி தரூர். அவர் பெயரை அவருடைய கட்சி பரிந்துரைக்கவில்லை, அரசே தேர்ந்தெடுத்தது. பின்னர் மக்களவை விவாதத்தில் அவர் பேசவில்லை. கனிமொழி அவர்களோ, எதிர்க்கட்சிகள்மீது வைத்த நம்பிக்கைக்குப் பிரதமருக்கு நன்றி கூறிவிட்டு, அரசின் பொறுப்பைச் சுட்டி வினா எழுப்பினார். இரண்டாவதே தூதுக்கு உரிய நிறைவு என்பது நம் கருத்து.

அவ்விவாதமும் விரைவில் வந்துவிடவில்லை. சிறப்புக் கூட்டத்தொடர் வேண்டுமென எதிர்க்கட்சிகள் கேட்டும் அரசு இசையவில்லை. ஜூலை 28-ஆம் நாள்தான் மக்களவையில் விவாதம் தொடங்கியது. உலகத் தலைநகரங்களுக்கு மே மாதத்திலேயே விளக்கம் சொல்லப் புறப்பட்ட அரசு, சொந்த மக்களின் அவையை அத்தனை நாள் காக்கவைத்தது நமக்கு உவப்பாயில்லை.