முதல் ஃபின்ஸ்: கார்பனுக்கு அவசரப்படாதீங்க

கீரனூரில் உட்கார்ந்துகொண்டு ஃபின்ஸ் பற்றி எழுதுறானேன்னு சிரிக்காதீங்க. நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்னு கடற்கரை இருக்கு. மூச்சடக்கி முங்குற வீடியோக்களைப் பார்த்துட்டு, ஹாஸ்டலில் கார்பன் ஃபின்ஸ் விலை தேடுறவங்களும் இருக்காங்க. அவங்களுக்குத்தான் இது.

முதல் ஜோடிக்கு மென்மையான பிளாஸ்டிக் பிளேடே போதும். கார்பன் லேசானது, உதைக்கிற விசையை நல்லாத் திருப்பித் தரும். ஆனா பாறையில் மோதினா விரிசல் விடும். விறைப்பையும் கவனிங்க. நாம படிச்ச பீம் பாடம்தான்: தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு 8 மடங்கு. பழகாத தொடை அதை உதைச்சே களைச்சுப் போகும். அடக்கி வச்ச மூச்சும் சீக்கிரம் தீரும்.

பிளேடைவிட முக்கியம் கால் பொருத்தம். சாக்ஸோட போட்டுப் பாருங்க. குதிகால் கழலக் கூடாது, விரல் மரத்துப்போகவும் கூடாது.

மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்கிறவங்க காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கிட்டே முங்கியிருக்காங்க. பழக்கம்தான் அவங்களைக் கீழே கொண்டுபோச்சு.

மேலே ஏறும்போது, கடைசி சில மீட்டரில் நீரழுத்தம் குறைய, உடம்பில் ஆக்சிஜன் அழுத்தமும் சட்டென்று விழும். மயக்கம் வருவது பெரும்பாலும் அங்கேதான். அப்போ எந்த ஃபின்ஸும் காப்பாத்தாது; மேலே இருந்து உங்களையே பார்த்துக்கிட்டிருக்கும் கூட்டாளிதான் காப்பாத்தணும். ஒரு கார்பன் ஜோடி விலையில் இரண்டு பிளாஸ்டிக் ஜோடி வாங்கலாம். இரண்டாவதை அவருக்குக் கொடுங்க.