விலைக்கு ஒரு படகு

பழைய தையல் மெஷினை விற்றிருப்பீர்கள். பாட்டி காலத்து வெண்கலப் பானையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கியிருப்பீர்கள். படகு விற்றிருக்கிறீர்களா, சகோதரிகளே? நான் விற்றேன், அதுவும் தாம்பரத்துக்குப் பக்கத்தில், முடிச்சூரில்!

முடிச்சூரில் கடல் ஏது, படகு ஏது என்று சிரிக்காதீர்கள். 2015 டிசம்பர் மழையை அதற்குள் மறந்துவிட்டீர்களா? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிற்று. அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களுக்குள் வந்துவிட்டது. மொட்டை மாடியில் நின்று கையை ஆட்டிய எங்களை, லாரியில் படகு ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள்தான் கரை சேர்த்தார்கள். தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக, எங்கள் தெருவில் ஒன்பது வீட்டுக்காரர்கள் பணம் போட்டு, பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு ஃபைபர் படகு வாங்கினோம். விலை 42,000 ரூபாய். துடுப்பு இரண்டும் இனாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அது இரண்டு நாள் ஓடி உழைத்தது. அப்புறம் காலி மனையில் கவிழ்ந்து கிடந்தது. மனைக்காரர் வீடு கட்டக் கடைக்கால் எடுக்கப் போகிறார். படகை எங்கே வைப்பது? விற்றுவிடுவதென்று தீர்மானமாயிற்று. வீட்டில் சும்மா இருப்பவள் என்று அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

படகு வேலை தெரிந்த ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, அடிப்பாகம் முழுவதும் தட்டிக்கொண்டே போனார். நாம் சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதில்லையா, அதே கதைதான். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டது. ஓரிடத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, 'தொப் தொப்' என்றது. புயலன்று தண்ணீருக்குள் மறைந்திருந்த காம்பவுண்டுச் சுவரில் மோதியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஃபைபர் என்பது கண்ணாடி நாரை ரெசின் போட்டு அடுக்கடுக்காக ஒட்டினதும்மா. மேலே மயிரிழை விரிசல் விட்டாலும் போதும். தண்ணீர் உள்ளே இறங்கி அடுக்குகள் பிரிந்துவிடும். அந்த இடத்தைச் செதுக்கி எடுத்து, காயவைத்து, புதிதாக அடுக்குப் போட வேண்டும்" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் ஒன்பது வீடும் கூடிற்று. "செதுக்குவானேன்? நீலப் பெயின்ட் ஒரு கோட்டிங் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார் எதிர்வீட்டு மாமா.

என் நாட்டுப்பெண் வக்கீலுக்குப் படித்தவள். "1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 17-ஆவது பிரிவு, மாமா. குறையைத் தெரிந்தே மூடி மறைத்து விற்றால் அதற்குப் பெயர் மோசடி" என்றாள்.

"சரி, பெயின்ட் வேண்டாம். வாயைத் திறக்காமலாவது இருக்கலாமே?"

"வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது பொதுவான சட்டம். பேசாமல் இருப்பதெல்லாம் மோசடி ஆகிவிடாது" என்று ஒப்புக்கொண்டாள் அவள்.

மாமா வெற்றிப் புன்னகையுடன் என்னைப் பார்த்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பழுதான மிக்ஸியை விற்றால் வாங்கினவள் வீட்டில் ஒருநாள் சட்னி இருக்காது, அவ்வளவுதான். படகு அப்படியா? நடுத்தண்ணீரில் அல்லவா அது காலை வாரும்!

படகைப் படம் பிடித்துப் போட்டபோது, அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டே பிடித்தேன். 22,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்த ஒருவர் நேரில் வந்தார், வட்டத்தைப் பார்த்தார், போனவர் போனவர்தான். எதிர்வீட்டு மாமா நாலு நாள் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் கோவளத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். முட்டுக்காட்டுக் கழியில் வலை போடுகிறவர்கள். அவர் வாயே திறக்கவில்லை. பேசினதெல்லாம் அந்தப் பெண்தான். படகுக்குள் நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, வெளியே எங்கே கசிகிறது என்று குனிந்து பார்த்தாள். வட்டத்துக்குள் விரல் முட்டியால் தட்டினாள்.

"எங்க மாமனார் காலத்துல கட்டுமரம்மா. மரத்தை மரத்தோட சேர்த்துக் கயித்தால கட்டினது. ஓட்டைங்கிற பேச்சே இல்ல. சுனாமிக்கப்புறம் எல்லாம் ஃபைபர் ஆயிடுச்சு. மேல வழவழன்னு இருக்கும், உள்ள என்னன்னு தெரியாது. நீங்களே கோடு போட்டுக் காட்டிட்டீங்க" என்றாள். பிறகு பழுதுச் செலவைக் கணக்குப் போட்டு, 14,000 ரூபாய்க்கு மேல் முடியாது என்றாள். முடிச்சை அவிழ்த்தபோது, பணத்தோடு அடகுக்கடை ரசீதும் வெளியே வந்தது. நான் மேற்கொண்டு பேரம் பேசவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு காலம் வரலாம். ஆகவே இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீது இரண்டு பிரதி எழுதினோம். தேதி, படகின் நீளம், விலை, என்ன குறை, எந்த இடத்தில் என்று எல்லாம் அதில் உண்டு. பங்குதாரர் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டோம். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவினியூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும், ஒட்டினோம். நாளைக்கு அவர்கள் அதைக் கடலில் மீன் பிடிக்கக் கொண்டுபோவதானால், 1983-ஆம் வருஷத்துச் சட்டப்படி மீன்வளத் துறையில் பதிய வேண்டும். படகு யாரிடமிருந்து வந்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டாமா?

தலைக்கு 1,555 ரூபாய் பங்கு. எதிர்வீட்டு மாமா இரண்டு தரம் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். மிச்சம் ஐந்து ரூபாயில் ஸ்டாம்புச் செலவு தீர்ந்தது.

படகு லாரியில் ஏறியதும், அதுவரை பேசாமலிருந்த அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். "போன் நம்பர் எழுதிக்கங்கம்மா. மழை பலமா வந்தா கூப்பிடுங்க. இதே படகைக் கொண்டாறேன்" என்றார்.

நம்பரைக் காலண்டரில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறேன். நேற்று வானம் லேசாக இருட்டியபோது எதிர்வீட்டு மாமா வந்தார். "அந்தக் கோவளத்துக்காரர் நம்பர் என்ன, மாமி?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.