வெளிநாட்டில் படிக்கச் செல்லும் மாணவர்களின் சான்றிதழ், சேர்க்கை, விசா நடைமுறைகள் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயலாளர்,
வெளிநாட்டில் பயிலும் மாணவர்களின் பெற்றோர் சங்கம்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்
1. அரசுச் செயலாளர், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
2. ஆணையர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, சென்னை.

பொருள்: உயர்கல்வி – வெளிநாடு செல்லும் மாணவர்கள் – பல்கலைக்கழகச் சான்றுகளைக் கெடுவுக்குள் வழங்குதல் – பெயர் வேறுபாடு களைதல் – கல்வி முகவர்களைப் பதிவுக்கு உட்படுத்துதல் – மாவட்ட உதவி மையம் – வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தில் பெல் தொழிற்சாலை ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், சிறு கடைக்காரர்கள், காவிரிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போடுகிறவர்கள் இருக்கிறோம். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போகிறவர்களைத் தலைமுறைகளாக வழியனுப்பிப் பழகிய ஊர் இது. ஆனால் படிக்கப் போவதற்கான காகிதங்கள் முற்றிலும் வேறு என்பதைப் பிள்ளைகள் கிளம்பும்போதுதான் தெரிந்துகொண்டோம்.

இம்மனுவில் நாங்கள் பணம் கேட்கவில்லை. விசா தருவதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் உரிமை, அதில் மாநில அரசு செய்யக்கூடியது எதுவுமில்லை என்பதும் தெரியும். ஆனால் விண்ணப்பம் தூதரகத்துக்குப் போய்ச் சேருமுன் வீணாகும் மாதங்கள் நம் ஊர் அலுவலகங்களில்தான் வீணாகின்றன. அவற்றைக் குறைப்பது முழுக்கத் தங்கள் அதிகாரத்துக்குள் இருப்பதாலேயே இதை எழுதுகிறோம்.

எடுத்துக்காட்டாக ஜெர்மனியைப் பார்ப்போம். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் நடுத்தரக் குடும்பத்துப் பொறியியல் பட்டதாரிகள் அதிகம் நாடும் நாடு அது. 2022 நவம்பர் 1 முதல் அங்கே படிக்க விசா கேட்கும் இந்திய மாணவர்கள், புதுடெல்லியிலுள்ள ஏபிஎஸ் என்ற கல்வி மதிப்பீட்டு மையத்தின் சான்றைப் பெற்றாக வேண்டும். கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களின் குளிர்காலப் பருவச் சேர்க்கைக்கு ஜூலை 15 கடைசி நாள். இங்கேயோ இறுதிப் பருவத் தேர்வு ஏப்ரல், மே மாதங்களில் நடந்து, முடிவு வெளிவருவதற்குள் அந்தத் தேதி நெருங்கிவிடுகிறது. அதன் பிறகுதான் மாணவன் டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு அலையத் தொடங்குகிறான். இணைப்புக் கல்லூரியில் முதல்வரின் கையெழுத்து, வங்கியில் செலான், பல்கலைக்கழகத்தில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் பிரிவு, மறுபடியும் கல்லூரி. உரிய செக்‌ஷன் எழுத்தர் விடுப்பில் போனால் கோப்பும் விடுப்பில் போய்விடுகிறது. எப்போது கிடைக்கும் என்று கேட்டால் "அடுத்த வாரம் வந்து பாருங்கள்" என்பதுதான் பதில். எந்த வாரம் என்று எழுதிக் கொடுக்க யாருமில்லை.

சான்று கைக்கு வந்த பின்னும் சிக்கல் தீர்வதில்லை. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் நம் மதிப்பெண்ணைத் தங்கள் அளவுகோலுக்கு மாற்றிக்கொள்கின்றன. அங்கே 1 சிறந்தது, 4 தேர்ச்சியின் கடைசி எல்லை. உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவன் பெற்றதைக் கழித்து, உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவார்கள். பத்துக்கு 7.4 வாங்கிய ஒரு மாணவியின் தேர்ச்சி எல்லை 4 என்று எடுத்துக்கொண்டால் அவளுக்கு 2.3 வருகிறது, 5 என்று எடுத்துக்கொண்டால் 2.56 ஆகிறது. 2.5க்கு மேல் போனால் விண்ணப்பத்தையே பார்க்காத படிப்புகள் நிறைய. ஆக, குறைந்தபட்சத் தேர்ச்சி எவ்வளவு என்ற ஒற்றை எண், நான்கு வருட உழைப்பை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். அந்த எண் தெளிவாக அச்சிடப்படாத மதிப்பெண் சான்றுகள் எங்கள் உறுப்பினர்கள் வீட்டில் இருக்கின்றன. அதைக் கடிதமாக வாங்குவதற்கு மறுபடியும் முதலிலிருந்து நடக்க வேண்டியிருக்கிறது.

கனடா, அமெரிக்கா செல்வோர் நிலையும் ஏறக்குறைய இதுதான். அந்நாடுகளுக்காகப் பட்டங்களை மதிப்பிடும் வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ் நிறுவனம், மாணவன் கையால் அனுப்பும் மதிப்பெண் பட்டியலை ஏற்பதில்லை. பல்கலைக்கழகம் முத்திரையிட்ட உறையிலோ மின்வழியிலோ கொடுத்ததாக இருக்க வேண்டும்.

எனவே எங்கள் முதன்மையான கோரிக்கை: டிரான்ஸ்கிரிப்ட், உண்மைத்தன்மைச் சான்று, பயிற்றுமொழிச் சான்று, தற்காலிகப் பட்டச் சான்று ஆகிய நான்கையும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் இணையவழியில் பெற்று, பத்து வேலை நாட்களுக்குள் வழங்க அரசாணை வெளியிட வேண்டும். பணம் கட்டிய ரசீதிலேயே சான்று கிடைக்கும் தேதி அச்சாகட்டும். அவசரம் என்பவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கி மூன்று நாளில் கொடுக்கட்டும். அதைத் தரத் தயங்க மாட்டோம், ஏனென்றால் சென்னைக்கோ வேறு ஊருக்கோ இரண்டு தடவை போய்வரும் செலவு அதைவிட அதிகம். உச்ச மதிப்பெண், குறைந்தபட்சத் தேர்ச்சி, தரநிலை விளக்கம் மூன்றும் ஒவ்வொரு சான்றின் பின்பக்கத்திலும் இருக்க வேண்டும். வெளிநாட்டு மதிப்பீட்டு நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழகமே மின்வழியில் அனுப்பும் வசதியும் வேண்டும். தேர்வுப் பிரிவுகளில் ஆட்பற்றாக்குறை இருப்பதை அறிவோம். ஊழியர்களைக் குறை சொல்வது எங்கள் நோக்கமில்லை. அவர்களையும் சேர்த்து நெருக்குகிற முறையைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றில் 'மு. கவிதா', பட்டச் சான்றில் 'கவிதா எம்', கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்குமிடத்தில் தகப்பனார் பெயர், அல்லது அந்த இடமே காலி. மூன்றும் ஒருத்திதான் என்பது நமக்கு விளக்கவே தேவையில்லாத விஷயம். விசா அதிகாரிக்கு மூன்று வேறு பெயர்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டு, மற்ற இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சிடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் நாங்கள் இங்கே உயிரோடுதான் இருக்கிறோம்! இதற்காக நோட்டரி வழக்கறிஞரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினால் ஓரிடத்தில் ஏற்கிறார்கள், வேறிடத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போதே தலைப்பெழுத்தின் விரிவைத் தனிக் கட்டத்தில் பெற்றுச் சான்றிதழில் அச்சிடும்படி அரசுத் தேர்வுகள் இயக்ககத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே படித்து முடித்தவர்களுக்கு, இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று வட்டாட்சியர் தமிழிலும் ஆங்கிலத்திலும் சான்றளிக்க இ-சேவை மையம் வழியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

இனி முகவர்கள். தில்லைநகரிலும் கன்டோன்மென்டிலும் தெருவுக்குத் தெரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனைப் பலகைகள் தொங்குகின்றன. 'மாணவரிடம் கட்டணம் இல்லை' என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். உண்மைதான், அவர்களுக்கு மாணவனைச் சேர்த்துக்கொள்ளும் வெளிநாட்டுக் கல்வி நிறுவனம் கமிஷன் தருகிறது. அதனால் வருகிற கோணல் என்னவென்றால், கமிஷன் தராத கல்லூரியின் பெயர் அவர்கள் வாயில் வருவதில்லை. கட்டணமே இல்லாத ஜெர்மானிய அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கத் தகுதியுள்ள பையன், லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனத்துக்கு வழிகாட்டப்படுகிறான். முகவர்கள் எல்லோருமே ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. நேர்மையாக உழைக்கிற சிலரால் எங்கள் பிள்ளைகள் பயனடைந்திருக்கிறார்கள். நல்லவர் யார், மற்றவர் யார் என்று அறிய ஒரு பதிவேடுகூட இல்லை என்பதே குறை.

நடைமுறையில் நடப்பது இது: விண்ணப்பக் கணக்கை முகவர் தம் மின்னஞ்சலில் தொடங்குகிறார். கடவுச்சொல் அவரிடம். நோக்க அறிக்கையை அவர் எழுதுகிறார், ஒரே அறிக்கை ஊர் பெயர் மட்டும் மாறிப் பலருக்கும் போகிறது. பிரிட்டன் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்தாக வேண்டும். அதற்கு வட்டிக்குப் பணம் போட்டுக் காட்டி, நாள் முடிந்ததும் எடுத்துக்கொள்ளும் 'ஷோ மணி' வியாபாரம் தனியாக நடக்கிறது. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு முகவரிடம் போக விடாமல் தடுப்பதும் உண்டு. பொய் கண்டுபிடிக்கப்பட்டால் தண்டனை கையெழுத்துப் போட்ட மாணவனுக்கு. பிரிட்டனில் பத்தாண்டுவரை, கனடாவில் ஐந்தாண்டு, ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டு விசா கிடைக்காமல் போகலாம். 2023இல் கனடாவில் போலிச் சேர்க்கைக் கடிதங்கள் பிடிபட்டு, அங்கேயே படிப்பு முடித்துவிட்ட இந்திய மாணவர்கள்கூட நாடு கடத்தும் அறிவிப்பைச் சந்தித்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதன்பின் அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே சரிபார்க்கும் முறையைக் கனடா கொண்டுவந்தது. நம் பக்கத்தில் முகவர்களுக்கு அப்படி எந்தச் சரிபார்ப்பும் இல்லை.

வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். படிக்க அனுப்புகிறவரை அந்தச் சட்டம் தொடுவதில்லை. பஞ்சாப் 2012லேயே தனிச் சட்டம் இயற்றி, பயண முகவர்களோடு கல்வி ஆலோசகர்களையும் ஐஇஎல்டிஎஸ் பயிற்சி மையங்களையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. அங்கே மோசடி முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ஆனால் உரிமம் இல்லாதவர்மீது வழக்குப் போட ஒரு பிரிவாவது இருக்கிறது. இங்கே காவல் நிலையம் போனால் "கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்கிறார்கள். தமிழ்நாட்டிலும் கல்வி முகவர்களுக்கான பதிவுச் சட்டம் வேண்டும். அதில் எழுத்து ஒப்பந்தம், எந்த நிறுவனத்திடமிருந்து கமிஷன் பெறுகிறார் என்ற அறிவிப்பு, மாணவரின் சொந்த மின்னஞ்சல், சமர்ப்பிக்குமுன் முழு விண்ணப்பத்தின் நகல், அசல் சான்றுகளை வைத்துக்கொள்ளத் தடை ஆகியவை இடம்பெற வேண்டும். சட்டம் வரும்வரை, தாமாக முன்வந்து பதிவு செய்துகொள்ளும் முகவர்களின் பட்டியலை மாவட்ட இணையதளத்தில் வெளியிடவும், புகார்களை மாவட்டக் குற்றப்பிரிவு நேரடியாக விசாரிக்கவும் உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறோம்.

விதிகள் மாறும் வேகமும் முகவரிடம் எங்களைத் துரத்துகிறது. 2024 ஜனவரியில் மட்டும், பிரிட்டன் முதுகலை மாணவர்கள் குடும்பத்தாரை உடனழைத்துச் செல்வதை நிறுத்தியது, ஆராய்ச்சிப் படிப்பினர் நீங்கலாக. கனடா, வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஆஸ்திரேலியா விசாக் கட்டணத்தை 710 டாலரிலிருந்து 1,600 ஆக்கியது. மருத்துவம் படிக்கப் போவோருக்கு 2021ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணைய விதிகள்: குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கிலவழி, அதே நிறுவனத்தில் 12 மாத உள்ளிருப்புப் பயிற்சி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் திரும்பி வந்து இங்கே மருத்துவராகப் பதிய முடியாது. இதைத் துறையூரிலோ மணப்பாறையிலோ இருக்கும் ஒரு தகப்பனுக்கு முன்கூட்டிச் சொல்ல, விற்பனை நோக்கமில்லாத ஒருவர் வேண்டும். ஆகவே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஓர் உதவி மையம் கேட்கிறோம். ரிப்பன் வெட்டிய மறுமாதம் பூட்டிக் கிடக்கும் அறையாக அது ஆகிவிடக் கூடாது. பயிற்சி பெற்ற இருவர் போதும். ஒரு தொலைபேசி எண். மாதம் ஒருமுறை தமிழில் திருத்தி வெளியிடப்படும் நாடுவாரி விதித்தாள். ஏற்கெனவே வெளிநாட்டில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் இணையவழியில் பதில் சொல்லச் சம்மதித்திருக்கிறார்கள்.

கடன் குறித்துச் சுருக்கமாக. ஜெர்மன் விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ வைக்க வேண்டும், பத்து லட்சம் ரூபாய்க்கும் மேல். டெல்டாவில் எங்களிடம் இருக்கும் சொத்து நஞ்சை நிலம். கல்விக் கடனுக்கு விவசாய நிலத்தை வங்கிகள் பெரும்பாலும் பிணையாக ஏற்பதில்லை. மாவட்ட முன்னோடி வங்கிக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்துப் பேசவும், அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் தேர்வுப் பட்டியல்கள் செப்டம்பர் சேர்க்கைக்கு முன்பே வெளிவரவும் ஆவன செய்ய வேண்டும்.

இக்கோரிக்கைகளில் சான்றிதழ்க் கெடு குறித்த முதல் கோரிக்கைக்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பெருஞ்செலவும் இல்லை. வரும் ஏப்ரலில் இறுதிப் பருவத் தேர்வு தொடங்குமுன் அதை மட்டுமாவது நடைமுறைக்குக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறோம். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுடன் தாங்கள் நடத்தும் கூட்டத்துக்கு எங்கள் சங்கப் பிரதிநிதிகள் இருவரை அழைத்தால், நிலுவையில் உள்ள விண்ணப்பங்களின் விவரத்தோடு வருவோம். அதற்கான நாளையும் நேரத்தையும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
தலைவர்

(ஒப்பம்)
செயலாளர்

இடம்: திருச்சிராப்பள்ளி

இணைப்பு: உறுப்பினர்கள் அளித்த விண்ணப்ப ரசீதுகளின் நகல்கள்.

நகல்: மாவட்ட ஆட்சியர், திருச்சிராப்பள்ளி, இயக்குநர், அரசுத் தேர்வுகள் இயக்ககம், சென்னை – தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்.