எங்கட கல்லுக்குள்ள கடல்

குமரிக்கண்டம் பற்றிய வீடியோ எங்கட வட்ஸ்அப் குழுக்களில மாதத்துக்கு ஒன்றாவது சுற்றும். கடலுக்குள்ள போன நிலத்துக்கு ஆதாரம் தேடிக் களைக்கிற நாங்கள், கடலடியில இருந்து மேல வந்த நிலத்திலதான் கிணறு வெட்டிக் குடியிருக்கிறம். அதை ஒருத்தரும் ஃபோர்வேர்ட் பண்ணுறதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் மயோசீன் காலக் கடலில் படிந்தது. வயது ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல். புவியியல் பாடத்தில் இதை ஒரு வரியாகப் பாடமாக்கினோம். கல்லுக்குள்ள என்ன இருக்கு எண்டு கேட்கேல்லை.

இருப்பவற்றில் முக்கியமானவை பெரிய ஃபொராமினிஃபெராக்கள். ஒற்றைக்கல உயிரிகள்தான், ஆனால் வெறுங்கண்ணுக்கே தெரியுமளவுக்குச் சுண்ணாம்பு ஓடு கட்டியவை. இவற்றில் பல, உடம்புக்குள்ளேயே அல்காக்களை வளர்த்தன. அல்காவுக்கு வெளிச்சம் வேணும். ஆகவே இந்த ஓடு கிடந்தால், அங்கே ஒருகாலம் ஆழமில்லாத, இளஞ்சூடான கடல் இருந்தது எண்டு அர்த்தம். வடிவமும் காலத்துக்குக் காலம் விரைவாக மாறியதால், ஓட்டைப் பார்த்தே பாறையின் வயதைக் கணிக்கலாம்.

கீசா பிரமிட் கற்களில் இருக்கும் நம்முலைட்டுகளும் இந்தக் கூட்டம்தான். வேலையாட்கள் தின்று மிஞ்சிய பருப்பு கல்லாகிவிட்டது என்ற கதையை ஸ்ட்ராபோ 2000 வருசத்துக்கு முன்னமே எழுதிவைத்தார்.

எங்கட கல்லில் இருப்பது தபெரினா மலபாரிகா. 1853இல் கார்ட்டர் இதற்குப் பெயர் வைத்தது கேரளக் கரையில் கிடைத்த ஓடுகளைப் பார்த்து. கொல்லத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே உயிரி! வீடியோக்காரர் கையில் கிடைத்தால் உடனே நடுவில ஒரு கண்டத்தை வைத்துவிடுவார். லெமூரியா பிறந்ததும் அப்பிடித்தான்: மடகாஸ்கரில் வாழும் லெமூர்களின் உறவுகள் இந்தியாவில் எப்படி எண்டு விளங்காமல், 1864இல் ஸ்கிளேட்டர் மூழ்கிய நிலமொன்றைக் கற்பனை செய்தார். கண்டங்களே நகர்கின்றன எண்டு தெரிந்தபின் அறிவியல் அதைக் கைவிட்டது. நாங்கள் விடேல்லை. தபெரினாவுக்கோ நிலப்பாலம் தேவையே இல்லை. அதற்குத் தேவை, இரண்டு கரையையும் தொட்ட ஒரே கடல்.

தமிழின் பழமைக்கு மூழ்கிய கண்டம் வேணும் எண்டு நாங்கள் நினைக்கேல்லை. மனிதரே இல்லாத காலத்துக் கடலைக் கொண்டுவந்து எங்கட வரலாற்றோடு ஒட்டினால், உண்மையாகவே பழமையானதையும் வெளியாட்கள் நம்பமாட்டினம்.

கிணறு வெட்டுற இடத்தில வெளியில போட்ட கல்லை நனைச்சு, ஒரு லென்ஸால பாருங்கோ. எல்லாக் கல்லிலும் தெரியாது. பல இடங்களில் கல் மறுபடி படிகமாகி உருவம் அழிஞ்சுபோச்சு. நாலைஞ்சு துண்டாவது பார்க்கவேணும்.